உதவி: அப்பாவின் உயிலில் ஒரு சொல் திருத்தம், போக்குவரவு (பட்டா மாற்றம்) நின்றுவிட்டது

வேலந்தாவளம்: அவசரம். அப்பாவின் உயிலை எடுத்துக்கொண்டு நேற்று வில்லேஜ் ஆபீஸ் போனோம், போக்குவரவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோப்பு கேரளத்துச் சித்தூர் தாலுகாவில், வீடு பொள்ளாச்சியில். இரண்டு அண்ணன்களோடும் பேச்சுவார்த்தை இல்லை. என்ன செய்வது?

தென்னைமரம்: அப்பா இருக்கிறாரா அக்கா? உயில் பதிவு செய்ததா? என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள்?

எல்லைக்கோடு: தமிழில் எழுதியிருப்பீர்கள், அதுதான். மலையாளத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்குங்கள், வேலை முடியும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பத்திரம் என்ன புதிதா? வீண் செலவு வைக்காதீர்கள்.

பழைய ஆவணம்: இதற்குப் பத்து தடவையாவது பதில் எழுதியிருக்கிறேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. உயிலுக்குப் பதிவு கட்டாயம் இல்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் போதும். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவு. எந்த மதம் என்றே சொல்லாமல் கேட்டால் எப்படி?

வேலந்தாவளம்: மன்னிக்கவும். இந்துக்கள்தான். அப்பா மாசியில் காலமானார். உயில் பதிவு செய்யவில்லை. என் பங்கு வருகிற வரியில் 'ஐம்பது சென்ட்' என்று எழுதி, 'ஐம்' மேலேயே 'எண்' என்று அழுத்தி எழுதியிருக்கிறது. அந்த மை மட்டும் வேறு நீலம். அடியில் 'ஐ' இன்னும் தெரிகிறது. பக்கத்தில் அப்பா கையெழுத்து இல்லை. இதைக் காட்டித்தான் பெரியண்ணன் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்.

பழைய ஆவணம்: இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? 71-ஆம் பிரிவு பாருங்கள். உயில் முடிந்த பிறகு திருத்தினால் அந்த இடத்தில் எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்து போட வேண்டும். இல்லையென்றால் திருத்தம் மட்டும்தான் செல்லாது, உயில் நிற்கும். பழைய எழுத்து படிக்க முடிகிறதே, அப்போது ஐம்பதுதான்.

எல்லைக்கோடு: பாட்டன் சொத்தாக இருந்தால் உயில் இல்லாமலேயே மூன்று பேருக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டே.

பழைய ஆவணம்: தமிழ்நாட்டுச் சட்டத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கேரளத்தில் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் வந்து, அந்தப் பிறப்புரிமை 1976 டிசம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: அந்தக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் வந்த திருத்தத்துக்கு எதிராக நிற்காது என்று கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு அப்பா காலமாகியிருந்தால் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு. என் அக்கா விவரம் தெரியாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டுவிட்டு இன்றைக்கும் வாடகை வீட்டில் இருக்கிறாள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பழைய ஆவணம்: அந்தத் தீர்ப்பிலும் விலக்குகள் உண்டு. முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

தென்னைமரம்: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தோப்பு யார் வாங்கியது என்று அக்கா இன்னும் சொல்லவே இல்லை. அக்கா, ஆட்சேபம் வந்துவிட்டால் வில்லேஜ் ஆபீஸர் தீர்த்து வைக்க முடியாது, சிவில் கோர்ட்டுதான். அங்கே சாட்சியில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். திருத்தம் கையெழுத்துக்கு முன்னாலேயே நடந்ததென்று அவர் சொன்னால் எண்பதுக்கும் வழி இருக்கிறது. சாட்சிகள் இருக்கிறார்களா?

(மூன்று நாள் கழித்து)

வேலந்தாவளம்: தோப்பு அப்பா 1991-இல் கிரயம் வாங்கியது, பாட்டன் சொத்து இல்லை. கிரயப் பத்திரம் பீரோவில் கிடைத்தது. சாட்சிகளில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் எங்கள் தோப்பில் தேங்காய் உரிக்கிற மாமா. அப்பாவே தன் கையால்தான் திருத்தினார் என்கிறார், ஆனால் கையெழுத்துக்கு முன்னாலா பின்னாலா என்று நினைவில்லையாம். நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். நன்றி.