இஎம்எம்சி ரீபால்: டேட்டா போகாமல் செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு ஆண்ட்ராய்டு 10 போன், 64 ஜிபி இஎம்எம்சி (டேட்டா இருக்கும் மெமரி சிப்), சர்வீஸுக்கு வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக ஹேங் ஆகிக்கொண்டிருந்ததாம். கீழே விழுந்ததும் முழு டெட். கொண்டு வந்த அக்காவுக்கு போன் முக்கியமில்லை. இறந்துபோன அப்பாவின் குரல் பதிவுகள் அதில் மட்டும்தான் இருக்கின்றன.

பவர் சப்ளையில் ஷார்ட் இல்லை. பவர் கீயை அழுத்தினால் கரண்ட் 70 மில்லி ஆம்பியர் வரை ஏறி அப்படியே நிற்கிறது. கம்ப்யூட்டரில் குவால்காம் 9008 (போன் பூட் ஆகாதபோது வரும் அவசர மோட்) என்று காட்டுகிறது. மெமரிக்கான 2.95 வோல்ட், 1.8 வோல்ட் இரண்டும் சரி. ஆனால் லோடர் (மெமரியைப் படிக்க உதவும் சிறு புரோகிராம்) ஏற்றினால் ஸ்டோரேஜ் தெரியவில்லை. சிப்பை லேசாக அழுத்திப் பிடித்தால் சில சமயம் லோகோ வருகிறது. சிப்பைப் போர்டோடு இணைக்கும் சால்டர் உருண்டை (பால்) விட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் முன்பே ஹேங் ஆனதால், சிப்பே தேய்ந்துவிட்டதோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

சிப்பைக் கழற்றி பாக்ஸில் (மெமரி சிப்பைப் படிக்கும் கருவி) டம்ப், அதாவது முழு நகல், எடுப்பது இங்கே உதவாது. என்கிரிப்ஷன் சாவி சிபியுவோடு கட்டப்பட்டது. அந்த சிபியு இல்லாமல் ஃபைல் எதுவும் திறக்காது. இதே சிபியுவும் இதே மெமரியும் சேர்ந்துதான் உயிர் பெற வேண்டும்.

முதலில் ஐஎஸ்பி வயர் போட்டு (சிப்பைக் கழற்றாமல் போர்டிலேயே இணைத்து) எக்ஸ்ட் சிஎஸ்டியில் (சிப் தன் விவரங்களை வைத்திருக்கும் பதிவேடு) சிப்பின் ஆயுளைப் பார்ப்பதா, நேராக ரீபாலா (சிப்பைக் கழற்றி, புது பால் போட்டு மீண்டும் பொருத்துவது)? சிப்பைச் சுற்றிக் கறுப்பு அண்டர்ஃபில் பசை இருக்கிறது. பக்கத்திலேயே சிபியு, அதன் மேல் ரேம். அங்கே சூடு போகாமல் எப்படிக் காக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை ஹாட் ஏர் வைக்கப்போவதில்லை.