14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு எஃப்-250 தாங்குமா?

வணக்கம் நண்பர்களே. டாலஸில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். கோடையில் கொலராடோ போக ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்) பார்த்திருக்கிறோம். முழுச் சுமையோடு 14,000 பவுண்டு. எந்த டிரக் எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

ஒரு பழைய ஃபோர்டு எஃப்-250 டீசல் பார்த்தேன். "இதைவிட அதிகமே இழுக்கும்" என்கிறார் விற்பவர். இழுக்கும், சரி. தாங்குமா? பொதுவாக டிரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் முதுகில் உட்காரும். அதாவது 2,800 பவுண்டு. ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் பேலோடு, அதாவது டிரக் சுமக்கக்கூடிய எடை, 2,300 பவுண்டு என்றுதான் இருக்கிறது. அந்த 2,800 போக, ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு), நாங்கள் நாலு பேர், அப்புறம் மனைவி விடாமல் ஏற்றும் அரிசி மூட்டை எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்!

இன்னும் கனமான எஃப்-350 அல்லது ராம் 3500 எடுத்தால் பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் போதுமா, பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள டூயலிதான் வேண்டுமா? டூயலியை தினமும் ஆபீஸ் பார்க்கிங்கில் நுழைப்பதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

டிரக்கின் பெட் (பின்பெட்டி) குட்டை என்றால் திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு கேபினில் இடிக்கும் என்கிறார்கள். திருப்பத்தில் பின்னால் நகர்ந்து இடம்விடும் ஸ்லைடர் ஹிட்ச் போட்டவர்கள் சொல்லுங்கள். கொலராடோவில் 11,000 அடி உயரத்துக்கு மேல் இருக்கும் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையைத் தடுத்து வேகம் குறைக்கும் பிரேக்) எவ்வளவு கைகொடுத்தது?