முன்அனுமதி மனு நிலுவையில், புரோநோட்டு கெடு அடுத்த மாதம்

வணக்கம் நண்பர்களே. 1949-ஆம் ஆண்டு தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முன்அனுமதி இல்லாமல் புது வழக்கு போடக் கூடாது என்று உயர்நீதிமன்ற உத்தரவு உள்ள கட்சிக்காரர். அட்வகேட் ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) மனுவில் வந்த உத்தரவு, அரசிதழிலும் வெளியாகிவிட்டது. சொந்த ஊர் தென் மாவட்டம், ஆகவே மாவட்ட நீதிபதியின் அனுமதி வேண்டும் (சென்னைக்குள் என்றால் உயர்நீதிமன்றம்).

இப்போது கையில் இருப்பது 5 லட்ச ரூபாய் புரோநோட்டு. வரவு வைத்த மேலெழுத்து (பகுதிப் பணம் கட்டியதாக அதில் எழுதிய குறிப்பு) எதுவும் இல்லை. அடுத்த மாதம் வழக்கு போடும் மூன்றாண்டு கெடு முடிகிறது. கடன் உண்மையானது, கையெழுத்தையும் எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. பழைய வழக்குகளின் பாவம் இதன் தலையில் விடிகிறது.

செய்தவை: புரோநோட்டு நகல், நோட்டீஸ், பதில் நோட்டீஸோடு அனுமதி மனு போட்டாயிற்று, வாய்தா தள்ளிக்கொண்டே போகிறது. பிராதை 3 சதவீத நீதிமன்றக் கட்டணம் 15,000 ரூபாயுடன் தாக்கல் செய்து, நம்பர் ஆகாமல் (வழக்காகப் பதிவு செய்யாமல்) வைத்திருக்கக் கேட்டோம். அனுமதி உத்தரவு இல்லை என்று ரிட்டர்ன். வற்புறுத்தி நம்பர் வாங்கினாலும் 1949 சட்டத்தின் பிரிவு 4-இல் தள்ளுபடிதான். அசல் வழக்குக்குக் காலவரையறைச் சட்டப் பிரிவு 5 (தாமத மன்னிப்பு) உதவாது. பிரிவு 14-உம் (அதிகார வரம்பற்ற நீதிமன்றத்தில் கழிந்த காலத்தைக் கழிப்பது) பொருந்துவதாகத் தெரியவில்லை. மிஞ்சுவது, அரசு அல்லது வேறு அதிகார அமைப்பின் முன்அனுமதி பெற ஆகும் காலத்தைக் கழிக்கும் 15(2).

அதில் வரும் ‘வேறு அதிகார அமைப்பு’ என்பதற்குள் மாவட்ட நீதிபதியின் அனுமதியும் அடங்கும் என்று சொல்லும் தீர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா?