கம்பியில தட்டினா லேசர்

அருண்: சித்தப்பா, என் விண்வெளிக் குறும்படத்து லேசர் துப்பாக்கிக்கு சைன் வேவ் எடுத்து பிட்ச்சை மேலிருந்து கீழ இழுத்தேன். பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கு, ஏன்?

சித்தப்பா: சைன் வேவ்ல ஒரே ஒரு அதிர்வெண்தான். நிஜப் பொருள் பெரும்பாலும் அப்படி ஒலிக்காதுப்பா. கம்பியில இருந்து ஆரம்பி. 1977ல ஸ்டார் வார்ஸுக்கு ஒலி வடிவமைச்ச பென் பர்ட் ரேடியோ டவரை இழுத்துக் கட்டின கம்பியைச் சுத்தியலால தட்டித்தான் அந்தச் சத்தத்தைப் பிடிச்சார்.

அருண்: தட்டினா டங்னுதானே கேக்கும்?

சித்தப்பா: தட்டும்போது எல்லா அதிர்வெண்ணும் ஒண்ணாத்தான் கிளம்பும். ஆனா விறைப்பான கம்பி வளைஞ்சு அதிரும்போது உச்ச அதிர்வெண் முந்திக்கும், தாழ்ந்தது பின்தங்கும். தூரம் கூடக்கூட இடைவெளியும் கூடும். மறுமுனையில மேல்ஸ்தாயி முதல்ல, கீழ்ஸ்தாயி கடைசியில. காதுக்கு "பியூ"ன்னு சறுக்கி இறங்கும்.

கவிதா அக்கா: டவரெல்லாம் வேணாம் டா, உலோக ஸ்லிங்கி, அதான் அந்த ஸ்பிரிங் பொம்மை, போதும். மேல் முனையைக் கட்டித் தொங்கவிடு, தரையில படக்கூடாது. மேல் முனையில பீசோ கான்டாக்ட் மைக்கை (பொருளோட அதிர்வை நேரா பிடிக்கிற சின்னத் தட்டு) டேப்பால இறுக்கி ஒட்டு. கீழ் முனையில பேனாவால ஒரு தட்டு. சுருளைக் கையால பிடிச்சுக்காதே, மேல்ஸ்தாயி செத்துரும்.

அருண்: மைக் இன்புட்ல சொருகிட்டேன் அக்கா. தகர டப்பா மாதிரி கேக்குது, அடி ஒலியே இல்ல.

கவிதா அக்கா: எல்லாரும் மாட்டற இடம் அது! பீசோ தட்டு ஒரு கெபாசிட்டர் மாதிரி. 20 நானோஃபாரட்னு வெச்சுக்கோ. இன்புட்டோட மின்தடை 2,000 ஓம்னா சுமார் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் தேஞ்சு போயிரும். கிட்டார் போடுற ஹை-இசட், அதாவது மின்தடை அதிகமான இன்புட்ல மாட்டு. 1 மெகாஓம் இருந்தா 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் நிக்கும்.

சித்தப்பா: சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸ்ல வெச்சு ரெக்கார்ட் பண்ணு. 48ல அதுல பாதி, 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் பதியும்; அதை ஒரு ஆக்டேவ், அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு இறக்கினா 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இருக்காது, போர்வை போத்தின மாதிரி ஆயிரும்.

அருண்: சரி சித்தப்பா. விண்கப்பல் எஞ்சின் உறுமல் மேல இசை வந்தா கலங்கிப் போகுது, வால்யூம் குறைச்சும் சரியாகல.

சித்தப்பா: ரெண்டும் எந்த சுருதி?

அருண்: எஞ்சின் 55 ஹெர்ட்ஸ். இசையோட பேஸ் 58 கிட்ட.

சித்தப்பா: அதான். வித்தியாசம் 3, அதனால நொடிக்கு 3 தடவை முட்டித் துடிக்கும், வால்யூம்ல தீராது. இசையோட ஆதார சுருதிக்கு எஞ்சினை நகர்த்து. இந்த வகைப் படத்துல சத்தமும் இசையும் ஒரே வாத்தியம்னு நினைச்சுக்கோ. 1956லயே ஃபர்பிடன் பிளானட் படத்துக்கு லூயி பாரன், பீபி பாரன் தம்பதி தாங்களே கட்டின மின்சுற்றுகளை வெச்சு ரெண்டையும் சேர்த்துதான் செஞ்சாங்க. எது இசை, எது கப்பல்னு பிரிக்கவே முடியாது.

அருண்: ஹை-இசட்ல மாத்திட்டேன். "பியூ" வந்துருச்சு அக்கா!! முன்னாடி ஒரு "டக்" வருது, வெட்டிடவா?

கவிதா அக்கா: வெட்டாதே டா. அந்த "டக்"தான் சுடுற அடி.