ஃப்ரோசன் ஸ்ட்ராபெரியில் பூச்சிமருந்து: பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ரெண்டுபிள்ளைக்காரி:
ஜெர்மனியில் இருக்கிறேன். சின்னவனுக்குக் காலையில் தயிரோடு ஃப்ரோசன் ஸ்ட்ராபெரி அடித்துக் கொடுப்பது வழக்கம். நேற்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த நாட்டில் விளைந்தது என்று ஒரு வரி கிடையாது. புதுப் பழம் என்றால் நாட்டின் பெயர் எழுதியே ஆக வேண்டும். அதையே உறைய வைத்துவிட்டால் வேண்டாமாம். எங்கே விளைந்தது என்றே தெரியாதபோது என்ன மருந்து அடித்தார்கள் என்று எப்படித் தெரியும்? நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்துங்கள்.

ஆய்வகத்தான்:
அக்கா, நாட்டை எழுத வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான். நிறுத்தச் சொல்வதுதான் அதிகம். தனியாக அளவு வகுக்காத மருந்துக்கு ஐரோப்பாவில் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 100 டன் பழத்தில் 1 கிராம். அதைத் தாண்டினால் விஷம் என்று அர்த்தமில்லை; ஆய்வகத்தில் நம்பி அளக்கக்கூடிய அடிமட்டம் அது. உறைந்த பழத்தால் இங்கே பிள்ளைகள் கூட்டமாகப் படுத்தது 2012-இல். சீனாவிலிருந்து வந்த ஸ்ட்ராபெரி கிழக்கு ஜெர்மனியில் பள்ளிச் சாப்பாட்டில் சேர்ந்து, ஏறக்குறைய 11,000 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். அது மருந்தால் வரவில்லை, நோரோவைரஸால் வந்தது. பழத்தைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், போதும்.

மண்வெட்டி:
தம்பி, கொதித்தால் கிருமி சாகும். மருந்தும் போய்விடும் என்று எழுதித் தருவீர்களா?

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தையே எடுத்துக்கொள்வோம். மரபணுவைப் பாதிக்கலாம், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால் பாதுகாப்பான அளவு என்று எதையும் வகுக்க முடியாது என 2019-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொன்னது. 2020 ஜனவரியில் அனுமதி போனது. வரம்பை 0.01-க்கு இறக்கியது நவம்பரில். அதற்கு முன்பு எத்தனை வருடம் "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று சொல்லி விற்றார்கள்? ஊரில் எங்கள் அப்பா கத்தரிக்கு அடித்ததும் அதேதான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியில் குச்சியால் கலக்குவார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அந்த நெடி போகாது. எனக்கு இது வெறும் எண் இல்லை.

ஆய்வகத்தான்:
குளோர்பைரிபாஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அண்ணா. அடிமட்டம் என்று நான் பொதுவாகச் சொன்னது அதற்குப் பொருந்தாது. ஆனால் எல்லா மருந்தும் அது இல்லையே. உறைந்ததை விட்டுவிட்டுப் புதுப் பழம் வாங்கினால் மட்டும் என்ன? ஸ்பெயினிலிருந்து வருவதும் மருந்து அடித்ததாக இருக்கலாம்.

ரெண்டுபிள்ளைக்காரி:
புதுப் பழத்தைக் கழுவலாம். இது பாக்கெட்டைப் பிரித்தாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடியில் சிவப்பாக ஐஸ் தூள் கிடக்கிறது. தண்ணீரில் போட்டால் கூழாகிவிடும்.

ஆய்வகத்தான்:
உறைய வைக்கும் முன்பே பெரும்பாலும் கழுவிவிடுவார்கள். தோலுக்கு மேலே இருப்பது ஓரளவு போகும். செடி உறிஞ்சிக்கொள்ளும் மருந்து எத்தனை முறை கழுவினாலும் போகாது.

மண்வெட்டி:
அப்போ வாங்குகிறவர் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கடையில் பார்த்து எடுப்பது ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய அந்த ஒரு வரியையும் அச்சடிக்க மாட்டேன் என்கிறார்கள். அதைத்தானே அக்கா முதலிலேயே கேட்டார்?

ஆய்வகத்தான்:
அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ரெண்டுபிள்ளைக்காரி:
பாக்கெட்டில் இருந்த முகவரிக்கு இன்று காலையில் எழுதிவிட்டேன். எந்த நாடு, இந்தப் பாக்கெட் சேர்ந்த லாட்டின் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின்) சோதனை முடிவு என்ன, இரண்டையும் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை சின்னவனுக்கு வாழைப்பழம்தான்.