வாலிபால்ல ஜம்ப் உயர என்ன எக்சர்சைஸ் பண்ணீங்க? பாத்தது, பட்டது எல்லாம் சொல்லுங்க

நெட்டோரம்:
எங்க ஜிம்ல ஒரு தம்பி, நெஞ்சு உயர பாக்ஸ்ல பொசுக்குன்னு குதிச்சு ஏறி நிப்பான், அத வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற வைப்பான். ஒருநாள் கிரவுண்ட்ல சுவத்தோரமா நிக்க வச்சு விரல்ல சாக்பீஸ் தடவி சார்ஜன்ட் ஜம்ப் பாத்தோம். நின்னு தொட்ட கோட்டுக்கும் குதிச்சு தொட்ட கோட்டுக்கும் நடுவுல ஒன்றரை சாண்தான். அடுத்து எங்க செட்டர், அதான் ஸ்பைக்கருக்கு பந்து தூக்கிக் குடுக்குறவன், பாக்ஸ் பக்கமே போகாம பளு தோள்ல வச்சு உக்காந்து எழுற ஸ்குவாட் மட்டும் போடுறவன், அவனுக்கு ரெண்டு சாணுக்கு மேல. தம்பி தன் விரல்ல இருந்த சாக்பீஸ தொடைச்சுகிட்டே ‘சுவரு சரியில்ல’ன்னான்.

பழைய ஸ்பைக்கர்:
மேல உள்ளவருக்கு, பாக்ஸ குத்தம் சொல்லாதீங்க. முட்டிய நல்லா மடக்குனா யாரும் ஏறலாம், இடுப்பு எவ்ளோ மேல போச்சுங்கிறதுதான் கணக்கு. நம்ம கதை சின்னது, கோச் ஸ்டேஜ் மேல இருந்து டெப்த் ஜம்ப், அதான் கீழ குதிச்ச வேகத்துல உடனே மேல எழும்புறது, போட வச்சாரு, சீசன் பாதியில மாடிப்படி எறங்குறப்ப முட்டிச்சில்லுக்குக் கீழ சுருக்குன்னுச்சு, அவ்ளோதான். ஆனா செய்யப் போறவங்க கேட்டுக்கோங்க, அது 1960கள்ல சோவியத் கோச் வெர்கோஷான்ஸ்கி கொண்டு வந்தது, ஏற்கனவே கால்ல பலம் ஏத்தி வச்சிருக்க அத்லெட்டுக்கானது. கால் தரையில பட்டதும் நெருப்பு மிதிச்ச மாதிரி எழும்பணும், தொப்புன்னு உக்காந்து எழுந்தீங்கன்னா நீங்க குதிக்கிற எடத்தோட உயரம் ஜாஸ்தி, கம்மி பண்ணிடுங்க. மொதல்ல ஸ்குவாட், தரையில இருந்து பளு தூக்குற டெட்லிஃப்ட், கூடவே தரையிலயே ஃபுல் ஜம்ப், நடுவுல நல்லா ரெஸ்ட், மூச்சு வாங்க வாங்க குதிச்சா அது கார்டியோ, ஜம்ப் ஏறாது. கணுக்கால்ல மணல் மூட்டை கட்டிட்டு குதிக்கிறத தயவுசெஞ்சு விட்டுடுங்க.

யாழ் பொடியன்:
எங்கட பக்கம் கரப்பந்தாட்டம் எண்டா இரவிரவா லைட் போட்டு நடக்கும், ஜிம் கிம் ஒண்டுமில்லை. ஒரு அண்ணை, ஆள் கட்டை, ஆனா 2.43 மீட்டர் நெட்டுக்கு மேல மணிக்கட்டு தாண்டி வரும். என்ன எக்சர்சைஸ் செய்யிறியள் எண்டு கேட்டன். ‘கையை வீசடா’ எண்டார். பிறகுதான் கவனிச்சன், ஓடி வரேக்க கடைசிக்கு முதல் காலடி நீளம், கடைசிக் காலடி டக்கெண்டு கட்டை, ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால போய் ஒண்டா மேல வருது. நீங்கள் ரெண்டு பேரும் கையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லையே.

நெட்டோரம்:
பாக்ஸ யாரு சார் குத்தம் சொன்னா, நான் தம்பியத்தான சொன்னேன். அவன் இப்ப மணல் மூட்டையே வாங்கிட்டான்.