சோலைக்காட்டுப் பாசி: போகோனேட்டமா, வேறா?

மழைக்காலன்:
பழனிமலைச் சோலை, சுமார் 2000 மீட்டர் உயரம். மட்கிய மரக்கட்டையில் ஒரு பாசி (moss) கொத்தாக நிற்கிறது. தண்டு 5 செ.மீ., கிளை இல்லை. இலை ஊசிபோல் நீளம், சுற்றிலும் அணில்வால் மாதிரி விரிந்திருக்கு. அடியில் செம்பழுப்பு ரைசாய்டுகள் (வேர்போன்ற இழைகள்). 10 மடங்கு லென்ஸில் இலை விளிம்பில் பற்கள் தெரியுது. போகோனேட்டம் என்ற பாசிப் பேரினம் என்று குறித்திருக்கிறேன். சரியா? வித்துப்பை கிடைக்கவில்லை.

குறுக்குவெட்டு:
எனக்குச் சந்தேகம்தான். போகோனேட்டம் பெரும்பாலும் வெட்டிய மண்சரிவில் வரும். ஆனாலும் இடத்தை மட்டும் வைத்துப் பெயர் வைக்க வேண்டாம், இலையை வெட்டிப் பாருங்க.

காய்ந்த தண்டைச் சூடான நீரில் சில நிமிடம் ஊறவிட்டு, நாலைந்து இலையைச் சேர்த்து ஸ்லைடில் வைத்து, புது பிளேடால் மெல்லிசா சீவுங்க. பத்தில் ஒன்றிரண்டு தேறினால் போதும். மேல்புறத்தில் பச்சைத் தகடுகள் வரிசையா எழுந்து நின்றால் போகோனேட்டம். தகடே இல்லாமல், விளிம்பு மட்டும் பல அடுக்காகத் தடித்திருந்தால் பிர்ரோபிரையம் ஸ்பினிஃபார்மே என்ற வேறொரு பாசியின் பக்கம் போங்க.

மழைக்காலன்:
வெட்டினேன். தகடு இல்லை, விளிம்பு தடிப்புதான். ஆனால் பிர்ரோபிரையத்துக்குப் பல் ஜோடியாக இருக்கணுமே? முழு இலையில் ஒற்றைப் பல்தான் தெரியுது.

குறுக்குவெட்டு:
எல்லாரும் சறுக்குகிற இடம் இது. ஜோடியில் ஒரு பல் மேல்புறம், மற்றது கீழ்ப்புறம். இலை தட்டையாகக் கிடந்தால் ஒன்றை ஒன்று மறைச்சிடும். நுண்ணோக்கியின் நுண்திருகை மெதுவா மேலும் கீழும் திருப்புங்க. ஒரு பல் மங்கும்போது அடுத்தது தெளியும். இல்லேன்னா இலையைச் சாய்த்து வையுங்க. நடுநரம்பின் முதுகிலும், நுனிப் பக்கம், பல் இருக்கான்னு பாருங்க. செல்கள் சின்னதா, சுவர் தடித்து, மேலே புடைப்பு எதுவும் இல்லாமல் வழவழப்பாக இருக்கணும்.

ஜோடிப் பல் மட்டும் போதாது, ஏட்ரிக்கம் என்ற பாசிக்கும் உண்டு. ஆனால் அதன் இலை அகலம், குறுக்கே அலையலையா சுருங்கும், நடுநரம்பின் மேல் சில தகடும் இருக்கும்.

வேரடி:
வித்துப்பை கிடைக்கலைன்னு சொன்னீங்க. தண்டின் நுனியில் தேடினீங்களோ? போகோனேட்டத்துக்குத்தான் வித்துப்பையின் காம்பு நுனியில் வரும், வித்துப்பைமேல் தொப்பிபோல் இருக்கும் கலிப்ட்ராவில் ரோமமும் இருக்கும். பிர்ரோபிரையத்தின் காம்பு தண்டின் அடியில், ரைசாய்டுக்கு நடுவிலிருந்து கிளம்பும். நுனியைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், காம்பு கட்டையிலேயே நின்றுவிடும். கத்தியை அடியில் கொடுத்து, மட்கிய மரத்தோடு பெயர்த்து எடுங்க. கட்டைவிரல் அளவு கொத்து போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

இந்தக் காம்புதான் பெயர்க் குழப்பத்துக்கும் காரணம். 1801-ல் தாவரவியலாளர் ஹெட்விக் இதை ஹிப்னம் ஸ்பினிஃபார்மே என்றார். காம்பு நுனியில் வராத பாசிகளுக்கு அன்று ஹிப்னம் பெரிய கூடை. அப்புறம் ரைசோகோனியம் என்ற பேரினத்துக்கும், பிறகு 1868-ல் தாவரவியலாளர் மிட்டன் வைத்த பிர்ரோபிரையத்துக்கும் மாறியது. பழைய நூல்களில் ரைசோகோனியம் ஸ்பினிஃபார்மே என்று பார்த்தால் அதுவும் இதுதான். குடும்பம் ரைசோகோனியேசி. வெப்பமண்டலம் முழுக்கப் பரவிய இனம், அதனால் சோலைக்கே உரியது என்று எழுதிவிடாதீங்க.

மழைக்காலன்:
திருகினேன், ஜோடிப் பல் தெரிஞ்சுது. நடுநரம்பின் முதுகிலும் பல். பெயரை மாற்றிவிட்டேன்.

வேரடி:
மாதிரியை வைக்கும் உறையில் ‘மாதிரியில் வித்துப்பை இல்லை; இலையின் குறுக்குவெட்டு, ஜோடிப் பல் ஆகியவற்றின் அடிப்படையில் வைத்த பெயர்’ என்றும் எழுதுங்க. காகித உறைதான், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிச்சிடும்.